நாலே கால் மணிக்குப் பிறகு...



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஓமலூரில் பள்ளி விட்டு அவள் வீடு வந்து சேரும்போது மணி நாலே கால். அதற்குப் பிறகு அவளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதுதான் பிரச்சினை. அக்காவுக்கு அபாகஸ். மாமாவுக்கு இந்தி. அம்மாவுக்குப் பரதநாட்டியம் (அம்மா சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காதது!). நான் சிலம்பம் என்றேன். டிவி ஸ்டாண்டில் பார்த்தால் பள்ளி வாசலில் கொடுத்த நோட்டீஸ் மட்டும் ஐந்து கிடக்கிறது. பாப்பாவை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா திடீரென்று சொன்னார்: "நான் மூணாவது படிக்கையில அரை நாளுதான் பள்ளிக்கூடம். மீதி அரை நாளு தார் சுத்துற கிளாசு. பீசு கெடையாது."

எல்லோரும் சிரித்தோம். தாத்தாவுக்கு இப்போது எண்பது வயது. அப்படியானால் அவர் மூன்றாவது படித்தது எந்த வருடம் என்று சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1953! சட்டென்று பொறி தட்டியது. "தாத்தா, அது குலக்கல்வித் திட்டமா?" என்றேன். "பேரெல்லாம் தெரியாது. மத்தியானம் வேண்டாம், வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட வேலை கத்துக்கன்னு வாத்தியார் சொன்னாரு. போனோம்" என்றார்.

பாடப்புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்விக்காக நான் மனப்பாடம் செய்த ஒரு விஷயம், எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. பள்ளி விட்ட பிறகு ஒரு குழந்தையின் நேரம் யாருக்குச் சொந்தம், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரு வரலாறே இருக்கிறது.

கொஞ்சம் பழைய காலத்திலிருந்து வருகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் "பள்ளி நேரம்", "பள்ளி விட்ட நேரம்" என்று இன்று போல ஒரு கோடு கிடையாது. விடியற்காலையில் போக வேண்டும், சாப்பிட வீட்டுக்கு வர வேண்டும், மறுபடியும் போக வேண்டும், எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லீவு. அதற்கு வாவு என்று பெயர். மணலில் விரலால் எழுதுவார்கள், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த முறையை வைத்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூர் அநாதை ஆசிரமப் பள்ளியை நடத்தினார். 1797-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போயிற்று. நம்ம சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை!

டியூஷனும் புதிதல்ல. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். (இவர் 1792-லிருந்து ஏழு வருடம் நம்ம சேலம் - பாராமகால் பகுதியில் கர்னல் ரீடுக்கு உதவியாளராக நிலவரி வேலை பார்த்தவர்.) 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இதில் ஒரு வேடிக்கையான எண் இருக்கிறது. சென்னை நகரில் மட்டும் வீட்டிலேயே தனியாகப் படித்தவர்கள் 26,963 பேர். அதாவது பள்ளிக்குப் போனவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! இவ்வளவு இருக்குமா என்று மன்றோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணில் தவறே இருந்தாலும், வசதியுள்ள வீடுகள் பிள்ளைகளுக்குத் தனியாக வாத்தியார் வைப்பது இருநூறு வருடப் பழக்கம் என்பது தெரிகிறது.

வசதியில்லாத வீட்டில் அந்த நேரத்துக்கு வேறு வேலை இருந்தது. ஆடு, மாடு, தறி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது.

சரி, 1953-க்கு வருவோம். நான் நிறைய எழுத நினைப்பது இதைப் பற்றித்தான்.

ராஜாஜி நம்ம மாவட்டத்துக்காரர். 1878-ல் தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம், அன்று சேலம் மாவட்டம். சேலத்தில் வக்கீல் தொழில் செய்தார், 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலை செய்தார். 1937-ல் மாகாணத்தின் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். எனவே இந்த ஊர்க் கிராமங்கள் அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரை வெறும் வில்லனாக எழுதுவது ரொம்பச் சுலபம்.

1952-ல் அவர் மறுபடி முதலமைச்சர் ஆனபோது முன்னால் இருந்த சிக்கல் உண்மையானது. பதினாலு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் பத்து வருடத்துக்குள், என்று அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்லியிருந்தது. கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, பணம் இல்லை. அதற்கு ராஜாஜி கண்டுபிடித்த வழி இதுதான்: கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம். காலையில் ஒரு கூட்டம், பிறகு இன்னொரு கூட்டம். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பையன்கள் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும், பெண் பிள்ளைகள் அம்மாவிடம் வீட்டு வேலை கற்க வேண்டும். "மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்து 1953 ஜூனில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டசபையில் விவாதித்து அல்ல, அரசு உத்தரவாக.

காந்தியின் ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் காந்தி 1937-ல் சொன்ன கல்வியில் தொழில் பள்ளிக்கு உள்ளே இருந்தது. வாத்தியார் சொல்லிக் கொடுப்பார், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நூற்பார்கள். இங்கே தொழில் வீட்டில். வீட்டில் என்றால் எந்தத் தொழில்? பிறப்பால் வந்த தொழில்தான். குயவர் வீட்டுப் பிள்ளை மண் பிசையும், சவரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை கத்தி பிடிக்கும், தோட்டி வீட்டுப் பிள்ளை...? வக்கீல் வீட்டுப் பிள்ளை? அதற்குத் திட்டம் தேவையே இல்லை, ஏனென்றால் இது கிராமங்களுக்கு மட்டும்தான். நகராட்சிப் பகுதியில் பழையபடி முழு நாள் பள்ளி. சேலம் டவுனில் ஒரு பையன் மத்தியானம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தாரமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் தாத்தா ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

பெரியாரும் திராவிடர் கழகமும் இதற்கு வைத்த பெயர்தான் "குலக்கல்வித் திட்டம்". அரசு வைத்த நீளமான பெயர் மறந்தே போயிற்று, இந்தப் பெயர்தான் நின்றது. 1953 ஜூலையில் தி.மு.க. மும்முனைப் போராட்டம் நடத்தியது. கல்லக்குடி தண்டவாளம் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று முனைகளில் ஒன்று இந்தக் கல்வித் திட்டம் என்பது பலருக்குத் தெரியாது. அதே மாதக் கடைசியில் சட்டசபையில் நடந்ததோ கிரிக்கெட் மேட்ச் மாதிரி இருக்கிறது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138! சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளை தன் ஓட்டை அரசுப் பக்கம் போட்டதால் திட்டம் தப்பியது. ஆனால் ஒரு குழு போட்டு ஆராய வேண்டும் என்ற தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. பருலேகர் என்பவர் தலைமையில் குழு அமைந்தது. நவம்பரில் அவர்கள் கொடுத்த அறிக்கை திட்டத்துக்குச் சாதகமாகவே இருந்தது.

அறிக்கை சாதகம், ஊர் சாதகமில்லை. 1954 ஜனவரியில் ஈரோட்டில் எதிர்ப்பு மாநாடு. பிறகு நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நடைப்பயணம். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. மார்ச்சில் ராஜாஜி விலகினார், ஏப்ரல் 13-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடுவதாக அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம். ராஜாஜி அமைச்சரவையிலும் இருந்தவர், தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர்! அரசியல் எப்போதுமே இப்படித்தான் போல. ஹி ஹி.

ஒரு வருடம்கூட முழுசாக ஓடாத திட்டம். புத்தகத்தில் இது ஒரு வெற்றிக் கதை. வந்தது, போராடினார்கள், போனது. முற்றும்.

ஆனால் தாத்தாவிடம் கேட்டேன். "திட்டத்தை எடுத்த பிறகு முழு நாள் பள்ளிக்கூடம் போனீங்களா தாத்தா?"

"எங்க போறது... எனக்குக் கை பழகிப் போச்சு. எங்கப்பாவுக்கு ஆளு பழகிப் போச்சு."

தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர் என்றாலும், அவர் கையில் ஓடும் நாடாவுக்குள் வைக்க ஊடை நூல் தயாராக வந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் சிட்டமாகத்தான் வரும். அதைப் பிரித்து ராட்டையில் போட்டுச் சின்னச் சின்னத் தார்க்குச்சியில் சுற்றித் தர வேண்டும். நெய்பவர் கை நிற்கக் கூடாது. இந்த வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். எட்டு வயதுப் பையன் ஒருவன் மத்தியானம் முழுக்கக் கிடைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை முழம் கூடுதலாக இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து மாதம் கிடைத்த கையை அடுத்த ஜூனில் எந்த அப்பா திருப்பிக் கொடுப்பார்? தாத்தா ஐந்தாவதோடு நின்றுவிட்டார். அதிலும் பாதி நாள் மத்தியானம் போகவில்லையாம்.

"அப்ப உங்க படிப்பைக் கெடுத்தது அந்தத் திட்டம்தானே?" என்று நான் சூடாகக் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லேன்னாலும் எங்கப்பாரு கூப்பிட்டுத்தான் இருப்பாரு. ஆனா வாத்தியாரு ஊட்டுக்கு வந்து சத்தம் போடுவாரு. அந்த வருசம் வாத்தியாரே போகச் சொல்லிட்டாரு" என்றார்.

இதைக் கேட்ட பிறகு நான் எந்தப் புத்தகத்தைப் படித்தும் தெரிந்துகொள்ளாத ஒன்று புரிந்தது. ஏழை வீட்டில் குழந்தையின் மத்தியானத்துக்காக அப்பாவும் வாத்தியாரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரசு வந்து வாத்தியாரின் கையை எடுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அது போதுமானதாக இருந்தது.

தாத்தா இன்னொன்றும் சொன்னார். "மத்தியானம் சோறு போட்டிருந்தா இருந்திருப்பேன்." காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் கொண்டுவந்தார். அதற்குள் தாத்தாவுக்குப் பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது.

அதன் பிறகு தமிழ்நாட்டில் மத்தியானம் பள்ளிக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது சாயங்காலமும் சனி ஞாயிறும்தான். இதை யார் பிடித்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பள்ளிக்கூடம் எதை உள்ளே விடவில்லையோ அது சாயங்கால வகுப்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியைப் பாருங்கள். 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியைக் கொண்டுவந்ததும் இதே ராஜாஜிதான். போராட்டம் நடந்து 1940-ல் அது நின்றது. 1965-ல் மறுபடி போராட்டம், 1968-ல் இரு மொழிக் கொள்கை. அரசுப் பள்ளிக்குள் இந்தி இல்லை. ஆனால் 1918-ல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா பரீட்சைகளுக்கு மொட்டை மாடியிலும் வராண்டாவிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டேதான் இருந்தார்கள். எங்கள் மாமாவும் மத்யமா வரை பாஸ். ஒரு வார்த்தை பேச வராது என்பது வேறு விஷயம்.

பரதநாட்டியம் இன்னும் சுவாரசியம். ஒரு காலத்தில் அது சதிர். சில குடும்பங்களின் பரம்பரைத் தொழில். நட்டுவனார் வீட்டில் பிறந்தவர் நட்டுவனார், ஆடும் குடும்பத்தில் பிறந்தவர் ஆடுவார். 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒரு குலத்தின் தொழிலாக இருந்தது, காசு கட்டினால் யாரும் சேரக்கூடிய "கிளாஸ்" ஆகியது. குலக்கல்வி அப்பனிடம் இருப்பதைப் பிள்ளைக்குக் கொடு என்றது. கிளாஸ் என்பது அப்பனிடம் இல்லாததைப் பிள்ளைக்குக் கொடுப்பது. நம் அம்மாக்களுக்கு அதன் மேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் பரம்பரையாக ஆடிய பல பெண்கள் மேடையை இழந்ததும் அதே மாற்றத்தில்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அபாகஸ் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. மலேசியாவில் 1990-களில் கிளாஸாக வளர்ந்து இங்கே வந்தது. மணிச்சட்டத்தில் விரல் ஓட்டி, பிறகு சட்டம் இல்லாமலே மனதில் ஓட்டுவது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்களும் காகிதம் இல்லாமல்தான் கணக்குப் போட்டார்கள், கால் அரைக்கால் மாகாணி வரை. பாவுக்கு எத்தனை சிட்டம் வேண்டும் என்று தாத்தா இப்போதும் வாயாலேயே சொல்லிவிடுவார். நான் செல்போனை எடுத்துத் திறப்பதற்குள்!

அரசும் சாயங்காலத்தை முழுசாக விட்டுவிடவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில் உண்டு. ஆனால் அவை மாவட்டத் தலைநகரத்தில். ஓமலூர்க்காரர் சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

கொரோனா வந்து பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள், தெருவிலேயே வகுப்பு. நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. 1953-ல் அரசு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியது, 2021-ல் அரசே பாடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள், நல்லது. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழில் என்றால், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவி செய்யலாம். "பள்ளி நேரம் முடிந்த பிறகு"! 63 வருடம் கழித்து அதே வார்த்தை, அதே வீட்டுத் தொழில். தறியும் வெள்ளிப் பட்டறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சேலம் மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கொலுசுக்கு வளையம் கோக்கும் வீட்டில் நாலே கால் மணிக்குப் பிறகு எது உதவி, எது வேலை என்று யார் போய்ப் பார்ப்பது? என்னோடு பள்ளியில் படித்த ஒருவனுக்குச் சனி ஞாயிறு என்றால் பட்டறைதான். திங்கட்கிழமை அவன் தூங்கி வழிவான். "டியூஷன் போனியாடா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நோட்டீஸ் சண்டைக்கு வருகிறேன். இத்தனையும் நான் அக்காவிடம் சொன்னேன். "நீ படிச்சதையெல்லாம் என்கிட்ட ஒப்பிக்காத, எதுல சேர்க்கறதுன்னு மட்டும் சொல்லு" என்றாள். நியாயம்தான். கடைசியில் பாப்பாவையே கேட்டோம். ஓவிய வகுப்பு என்றாள். காரணம் கலை ஆர்வம் எல்லாம் இல்லை, அவள் ஃப்ரெண்டு அங்கே போகிறாளாம். சனியும் ஞாயிறும் காலையில் ஒரு மணி நேரம், பக்கத்துத் தெரு. மாமா மட்டும் இந்தி நோட்டீஸை எடுத்து பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறார், ஐந்தாவது வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று.

தாத்தா கேட்டார்: "எவ்வளவு நேரம் கண்ணு?"

"ஒரு மணி நேரம்தான் தாத்தா."

"மீதி நேரம் என்ன பண்ணுவ?"

அவள் பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள்.